தட்டில் ஏறிய தண்ணீர்

மலையூரான வடகவுஞ்சித் தொடக்கப் பள்ளியில் கடலைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஞானம்மா டீச்சர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அதற்காக நாலாம் வகுப்பு அவரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தது. குழாயைப் போய் 'பீலி' என்கிறாரே என்று நிறையவே சிரித்தது.

வேலை தற்காலிகம்தான். நவம்பரில் இன்ஸ்பெக்டர் வந்து பாடம் கேட்டு நாலு வரி நல்லதாக எழுதினால் தை மாதம் நிரந்தரம். இல்லாவிட்டால் அப்பாவோடு பீன்ஸ் காட்டுக் கூலி.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எடுக்க வேண்டியது நீர்ச் சுழற்சி. சூடு பட்டால் தண்ணீர் ஆவியாகும் என்று காட்ட, வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டு, விடிந்ததும் வகுப்பில் வெயில்படும் ஜன்னலில் வைத்தார். வீட்டில் மூன்று நாள் ஒத்திகை பார்த்தாயிற்று. மூன்று நாளும் தண்ணீர் ஒழுங்காக இறங்கியது.

இன்ஸ்பெக்டரும் மேகமும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அந்த ஊர் மேகம் வானத்தில் நிற்கிற ஜாதி இல்லை. பள்ளத்திலிருந்து ஏறி, கேட்காமலே வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்காரும். தகரக் கூரை சொட்டத் தொடங்கியது.

டீச்சர் கடல், சூரியன், மேகம் எல்லாம் சொல்லி முடித்து, தட்டைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. அரை விரல்!

"ஏம்மா, ஆவியாகி ஏறுச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வகுப்பு குலுங்கியது. டீச்சரின் பார்வை நேராகச் சண்முகவள்ளியிடம் போனது. பள்ளியில் எது தப்பு நடந்தாலும் முதலில் அவள்தான்.

"ஏ புள்ள, நீயா ஊத்துன?"

சண்முகவள்ளி எழுந்தாள். டீச்சர் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நிற்பதைப் பார்த்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"நான் ஏன் டீச்சர் ஊத்துறேன்? மேகம் ஊத்துச்சு. ஐயா கண்ணாடியப் பாருங்க. அதுலயும் நானா தண்ணி தெளிச்சேன்?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு வில்லையும் வேர்த்துக் கிடந்தன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சருக்கு உயிர் திரும்பியது. "ஐயா, அதை ஒரு நிமிஷம் தாங்க." கண்ணாடியை உயர்த்திப் பிடித்தார். "பாத்தீங்களா? கடல்ல இருந்து கண்ணுக்குத் தெரியாமப் போன தண்ணி, மலையேறிக் குளுந்து, மேகமாகி இதுல ஒட்டியிருக்கு. அந்தச் சொட்டுதான் நம்ம பீலியில வருது."

அந்த முறை 'பீலி'க்கு யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி பெஞ்சு பெஞ்சாகச் சுற்றியது. கண்ணாடியில்லாத இன்ஸ்பெக்டர், சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

அவர் எழுதிவிட்டுப் போனதும் டீச்சர் சண்முகவள்ளியிடம் வந்தார். அவள் பாவாடையின் முன்பக்கம் முழுக்க ஈரம். பைக்குப் பின்னால், குடிதண்ணீர்ப் பானையின் டம்ளர்.

"டீச்சர், அது வந்து... காலைல சும்மா வெளையாட்டுக்கு..." அவள் குரல் இறங்கியது. "ஒங்க வேலைக்குன்னு தெரியாது டீச்சர்."

டீச்சர் டம்ளரை எடுத்துப் பானைமேல் கவிழ்த்தார்.

தையில் ஆர்டர் வந்தது. நிரந்தர டீச்சரின் முதல் உத்தரவு சண்முகவள்ளிக்குத்தான்: வருஷம் முடியும்வரை பானைக்குத் தண்ணீர் அவள் பொறுப்பு.

"ஊத்தத்தான் ஒனக்கு நல்லா வருதே," என்றார்.