கார்டிகன் பையில் ஒரு துவக்கு

சேலைக்குப் பை கிடையாது. சந்திரவதனா அக்கா எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதைக் கடைசியில் இந்தச் சின்ன விஷயம்தான் முடிவு செய்தது.

சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அக்கா ஒரு மில்க் பார் நடத்தினார். பால், ரொட்டி, சிகரெட், பத்திரிகை, அப்புறம் அந்த வட்டாரத்திலேயே நல்ல மில்க்‌ஷேக். அவர் கணவர் இரத்தினசிங்கம் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்காளர். இருவரும் பருத்தித்துறைக்காரர்கள். நான் சடகோபன், மதுரைக்காரன். ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். 1976இல் அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். என்னிடம் ஒரு பழைய ஹோல்டன் கார் இருந்தது. கார் வைத்திருக்கும் பிரமச்சாரியை நினைத்த இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவது கடல் கடந்த தமிழர் எல்லாருக்கும் பிறப்புரிமை.

அந்த மே மாதம் பட்டப்பகலில் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாப்பெட்டியை வழித்தான். மற்றவன் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அக்காவின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் ரத்தக்கோடு. அக்கா அழவில்லை. கடையைப் பூட்டி, வீட்டுக்கு வந்து, மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துக் கட்டச் சொன்னார். மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு அவர் பேச்செடுத்தார்.

"கடையை வித்துப்போடுவம், சந்திரா. என்ர சம்பளம் காணுந்தானே" என்றார் அவர்.

"உங்கட சம்பளம் காணும். ஆனா கடை என்ர. கள்ளன் வந்தான் எண்டதுக்காக விக்கமாட்டன்."

"அப்ப தனிய நிக்கிறேல்ல. ஆளும் இல்லை, காவலும் இல்லை, என்ன செய்வாய்?"

"தனியத்தான் நிப்பன். துவக்கோட நிப்பன்."

துவக்கு என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி. இரத்தினசிங்கம் சிரித்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான். சந்திரவதனா அக்காவிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், இரண்டுக்கும் இடம் உண்டு. சிரித்தால் அந்தக் காரியம் நடந்தே தீரும்.

கடைக் காசை வங்கிக்குக் கொண்டு போகிறவர்களுக்கு அப்போது போலீஸார் விசாரித்துவிட்டுத் துப்பாக்கிக்கு அனுமதி கொடுப்பதுண்டு. காவல் நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் சேலையையும் குங்குமப் பொட்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு மனிதனைச் சுட உங்களால் முடியுமா அம்மா?" என்று கேட்டார். "பழகிக்கொள்வேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பல நடை நடந்து அனுமதியும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை என் கார் பரமட்டாவில் ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் நின்றது. கடைக்காரர் பெயர் ரெஜ். பச்சைத் துணியை விரித்து அதில் நாலு கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். முதலாவது பாயின்ட் டூ டூ; குண்டின் அளவுதான் அதற்குப் பெயர். குண்டு மலிவு, உதைக்காது, ஆசை தீரப் பழகலாம். ஆனால் அந்தக் குண்டு சில நேரம் பற்றாமல் காலை வாரும் என்றார். இரண்டாவது பாயின்ட் டூ ஃபைவ். அதைவிடப் பலம் என்று சொல்ல முடியாது, ஆனால் குண்டை நம்பலாம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்றாவது பாயின்ட் த்ரீ டூ. அடி கொஞ்சம் பலம், கனமும் அதிகம். கடைசியாக இருந்தது குட்டைக் குழல் ரிவால்வர். தடித்த வயிறு, அவலட்சணம்.

"என் மனைவிக்கு என்றால் இதைத்தான் கொடுப்பேன்" என்றார் ரெஜ். "ஒரு குண்டு வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு தரம் இழுத்தால் போதும், அடுத்த குண்டு வந்துவிடும். தூசியோ அழுக்கோ இதை ஒன்றும் செய்யாது. மற்றவையெல்லாம் கைக்குழந்தைகள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க வேண்டும். சின்ன உறுப்புகள், சின்ன அழுக்கும் தாங்காது."

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவரைப் போல அக்கா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். இனித்தான் பரீட்சை. த்ரீ டூவை இடுப்பில், உள்பாவாடை நாடாவில் செருகினார். இரண்டு அடி நடப்பதற்குள் நாடா இறங்கியது. ரெஜ் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அப்புறம் அக்கா அதைக் கைப்பையில் போட்டுப் பார்த்தார். பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் விலக்கி அவர் எடுப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது.

"அக்கா, நீங்க எடுக்கிறதுக்குள்ள கள்ளன் மில்க்‌ஷேக் குடிச்சிட்டுப் போயிடுவான்."

"சும்மா இரும் தம்பி."

சிட்னித் தமிழ்ப் பெண்கள் சேலைக்கு மேல் கார்டிகன் என்ற கம்பளி மேற்சட்டை போடுவார்கள். அதில் பை உண்டு. ரிவால்வரைப் போட்டதும் கார்டிகனின் ஒரு பக்கம் முழங்காலைப் பார்த்துத் தொங்கியது. டூ ஃபைவைப் போட்டார். உள்ளே ஒன்று இருப்பதே தெரியவில்லை. கையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார், எடுத்தார்.

"இதுதான்" என்றார். "துடைச்சு வைக்க எனக்குத் தெரியும். அடுப்பும் குசினியும் நடத்துற பொம்பிளைக்கு அழுக்கைப் பற்றி இவர் சொல்லுறார்."

அங்கே நடு ஆண்டில் வரும் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக் கழகத்தில் பயிற்சி. சேலை, கார்டிகன், கொண்டைக்கு மேல் காதை அடைக்கும் கவசம். முதலில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். குளிர் விடுவதற்குள் காகித மனிதனின் நெஞ்சில் ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது. இரத்தினசிங்கம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான். ஒரு கள்ளனும் வரவில்லை. ஆனால் அக்கா மாறிப்போனார். கதவு மணி அடித்தால் போதும், வலது கை பைக்குள் போய்விடும். ரொட்டி வாங்க வரும் போலந்துக் கிழவியோடு மணிக்கணக்காகக் கதை பேசியவர், இப்போது கிழவியின் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கள்ளன் தாலிக்கொடியோடு போய்விட்டான் என்று நினைத்திருந்தோம். அவன் போகவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஆயுத பூசை வந்தது. தராசு, மில்க்‌ஷேக் அடிக்கும் இயந்திரம், கல்லாப்பெட்டிச் சாவி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. என் கார் சாவியும் ஸ்பேனர்களும் சேர்ந்துகொண்டன. நடுவில் ஒரு தட்டில், குண்டுகளைக் கழற்றிய டூ ஃபைவ். சிட்னியிலேயே நிஜமான ஆயுதத்தோடு ஆயுத பூசை செய்த வீடு அதுவாகத்தான் இருக்கும். அக்கா கல்லில் சந்தனம் இழைத்து, ஒன்றுக்கும் குறை வைக்காமல் பூசினார். துப்பாக்கிக்கு விசையில் ஒரு பொட்டு, பின்புறம் ஒரு பொட்டு, பக்கவாட்டில் தாராளமாக ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் குங்குமம். இரத்தினசிங்கம் தேவாரம் படித்தார். நானும் பொறியாளன்தான், எண்ணெய் போட்ட இயந்திரத்தில் ஈரச் சந்தனம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவல் கடலை எப்போது வரும் என்பதே என் யோசனை.

பூசையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. ஊரில் லாரியும் பஸ்ஸும் மழை வரும்வரை பொட்டோடுதான் ஓடும். அக்காவும் துடைக்கவில்லை. மறுநாள் குண்டுகளைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒரு மழைநாள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது கடை பூட்டியிருந்தது. தட்டினேன். அக்கா உள்ளே பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார்.

நெட்டையாக ஒருவன் வந்திருக்கிறான். சட்டைக் காலர் தூக்கியிருந்தது. அலமாரிகளைப் பார்ப்பதுபோல் நின்று, போலந்துக் கிழவி வெளியே போகும்வரை காத்திருந்தான். அப்புறம் நேராகக் கவுண்டருக்கு வந்து ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான். அக்கா துப்பாக்கியை எடுத்தார். பழகியபடியே நெஞ்சைப் பார்த்துப் பிடித்தார். விசையை இழுத்தார். அது அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். அசையவில்லை.

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அவன் கை சிகரெட் பெட்டியோடு வெளியே வந்தது. ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை நோக்கிக் குனிந்து முகத்தை நீட்டினான். "அழகான லைட்டர். வேலை செய்யலையா, லவ்?" என்று கேட்டான். அந்த ஊரில் முன்பின் தெரியாத பெண்ணையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

துப்பாக்கி வடிவ லைட்டர் அப்போது எல்லாப் புகையிலைக் கடையிலும் கிடைக்கும். மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு வைத்த ஒன்றை வேறு எதுவென்று அவன் நினைப்பான்? அக்கா தீப்பெட்டி கொடுத்தார். ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் கேட்டான். அதையும் அடித்துக் கொடுத்தார். எதிரே உள்ள கார் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், பெயர் கெவின் என்றும் சொல்லிவிட்டு, குடித்து முடித்து, விசிலடித்தபடி தெருவைக் கடந்து போனான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் ஆகலையேக்கா. விடுங்க" என்றேன்.

"ரெண்டு தரம் இழுத்தனான், தம்பி."

"ஆனா சுடலையே."

"துவக்குத்தான் சுடேல்ல. நான் சுட்டனான்."

மறுநாள் காலை ரெஜ் துப்பாக்கியைப் பிரித்தார். விசைக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ காய்ந்து கல்லாகியிருந்தது. ஊசியால் சுரண்டி, மோந்து பார்த்தார். நான் விளக்கினேன். அவர் இன்னொரு தரம் மோந்து பார்த்தார். அப்புறம் வியாபாரி விழித்துக்கொண்டார்.

"நான் அப்போதே சொன்னேனே. ரிவால்வராக இருந்திருந்தால் இதற்கெல்லாம் சிக்கியிருக்காது. சுட்டிருக்கும்."

"சுட்டிருக்கும்" என்று அக்கா தமிழில் திருப்பிச் சொன்னார். ரெஜ் ரிவால்வரை எடுக்க அலமாரியைத் திறந்தார். அக்கா டூ ஃபைவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காருக்கு வந்துவிட்டார்.

அன்று மாலை இரத்தினசிங்கம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்ப கடையை விப்பம்" என்றார் மெதுவாக.

"இல்லை."

"துவக்கும் இல்லாமல் எப்படி நிப்பாய்? பயமில்லையோ?"

"பயம்தான். பயந்து பயந்தெண்டாலும் நிப்பன். பயத்துக்காகக் கடையையும் விக்கமாட்டன், ஆளையும் சுடமாட்டன். வாற ஞாயிறு ரெண்டு பேரும் வந்து கவுண்டரை வாசல் பக்கம் தூக்கி வையுங்கோ."

வைத்தோம். தெருவில் போகிறவர்களெல்லாம் அக்காவையும் அக்கா அவர்களையும் பார்க்கும்படி, கண்ணாடிக்குப் பக்கத்தில். அதில் என் இடுப்புப் பிடித்துக்கொண்டது வேறு கதை. போலந்துக் கிழவிக்கு ஒரு நாற்காலி போட்டார். கார்டிகனையும் கழற்றினார். மணி அடித்தால் வலது கை தானாக இடுப்புப் பக்கம் போகும். அங்கே பை இருக்காது. அந்தப் பழக்கம் போக வெகுநாள் ஆயிற்று.

கெவின் தினமும் மத்தியானம் வந்தான். ஒரு கரண்டி ஐஸ்கிரீம் போடும் இடத்தில் அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி விழும். தன் அழகுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஒரே வேடிக்கையைச் சொல்வான்.

"அந்த லைட்டரைச் சரிபண்ணியாச்சா, லவ்?"

"இல்லை" என்பார் அக்கா. "அது சரிவராது."

அவன் சிரித்துக்கொண்டே குடிக்க ஆரம்பிப்பான். கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும், அவன் கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நிற்பார்.