நனைக்கக் கூடாத சட்டை

எங்கள் வீட்டுத் தளிகை உள்ளுக்குள், அதாவது சமையலறைக்குள், நனையாத துணி வராது. முதல் நாளே நனைத்துப் பிழிந்து, யார் கையும் எட்டாத உயரத்தில் இருக்கும் மூங்கில் கொடியில் குச்சியால் தள்ளி உலர்த்த வேண்டும். மறுநாள் குளித்துவிட்டு அதே குச்சியால் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் மடி. இடையில் யாராவது தொட்டுவிட்டால் விழுப்பு, துணி மறுபடி வாளிக்குள் போக வேண்டியதுதான். திருப்பதி மாட வீதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் தோய்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் லாரி வராத வாரங்களில்கூட, குடிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டு தோய்த்திருக்கிறேன். அதனால் மடியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

போன வருஷத்திலிருந்து என் நெஞ்சு திடீர் திடீரென்று ஓட ஆரம்பித்தது. மாவு கரைத்துக்கொண்டிருப்பேன், சும்மா உட்கார்ந்திருப்பேன், ஒரு காரணமும் இல்லாமல் தடதடவென்று அடித்துக்கொள்ளும். கண் இருட்டும். இவர் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் அது சமர்த்தாக அடங்கிவிடும். படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். வாயு என்றார் இவர். சித்தூரில் இருக்கும் நாத்தனார், வயசானால் மனசு எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ளும் என்று போனில் சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்று யாராவது நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா என்னை நம்பினாள். நம்பினாளோ இல்லையோ, சோதித்துப் பார்க்கலாம் என்றாள். அவள் கொடுத்ததுதான் அந்தச் சட்டை. கையில்லாத, உடம்போடு ஒட்டிய பனியன் மாதிரி இருந்தது. உள்பக்கம் மார்புக்கு நேராக வெள்ளி நிறத்தில் பட்டை பட்டையாக நெய்திருந்தார்கள். அந்தப் பட்டைகள் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும், முன்னால் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி அதை எழுதிக்கொள்ளும். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு பொத்தானும் உண்டு, படபடப்பு வந்தால் அதை அமுக்க வேண்டும். குளிக்கும் நேரம் தவிர ஒரு வாரம் கழற்றக் கூடாது. மாட்டிவிட்ட பையன் பெட்டியைத் தட்டிக் காட்டி, "தடபொத்தம்மா" என்று தெலுங்கில் சொன்னான். நனைக்காதே என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கத் துணி நனைத்தவளைப் பார்த்து!

ஓடும்போது இது கேட்டு எழுதிவிட்டால் எல்லார் வாயும் மூடும். எழுதாமல் போனால் ஆயுசுக்கும் நான் கற்பனைக்காரிதான். எனக்கு அந்த வாரத்தில் வேறு எதுவும் பெரிதில்லை.

ஆனால் அந்த வாரத்தின் நடுவில்தான் என் மாமியாரின் சிராத்தம் வந்தது. மற்ற நாட்களில் நான் அந்தச் சட்டையோடு சமைத்ததை இவர் கண்டும் காணாமல் இருந்தார். தட்டில் சாதம் விழுந்தால் சரி. சிராத்தத் தளிகை அப்படி இல்லை. முதல் நாளே சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார், புடவைக்குள்ளிருந்து மினுக்கிய பச்சையைப் பார்த்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாளைக்கு உள்ளே வர வேண்டும் என்றார். ஒரு நாள்தானே, என்ன குறைந்துவிடும் என்று இவரும் கூடச் சேர்ந்து பாடினார்.

அந்த ஒரு நாளில்தான் ஓடும் என்றால்? நான் கேட்டேன். பட்டுப்புடவைக்கு மட்டும் தினம் நனைக்காமலே மடி உண்டே, புழு செத்த நூலுக்கு விலக்கு உண்டு, என் நெஞ்சுக்குக் கிடையாதா என்று கேட்டேன். இவர் மூக்கில் இருக்கிற கண்ணாடியை யார் நனைத்து உலர்த்தினார்கள் என்றும் கேட்டுவிட்டேன். விதண்டாவாதம் என்றார்கள். சரி, நனைத்தால்தானே மடி, நனைத்துவிட்டால் போச்சு, ஒரு ராத்திரி மட்டும் கழற்றி இருப்பேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அங்கேதான் புத்தி வேலை செய்யவில்லை. மடித்துணியைத் தொடுகிற எதுவும் நனைந்திருக்க வேண்டும் என்பது கையிலேயே ஊறிப்போன பழக்கம். சட்டையைக் குளிர்ந்த நீரில் முக்கியவள், பெட்டியையும் கழற்றி அதே வாளிக்குள் ஒரு முக்கு முக்கிவிட்டேன். தண்ணீருக்கடியில் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. பையன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. துடைத்தேன், ஊதினேன், உதறினேன். நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைப்பதாகக் கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. மடி அரிசிக்குள் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நனைந்த பொருள், தாராளமாகப் போடலாம்! அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எள்ளைப் புடைத்தேன். நாத்தனார் வந்து என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். பொழுது சாய்வதற்குள் எடுத்துப் பார்த்தால் விளக்கு மினுக்கியது. அந்தப் பச்சையைக் கண்டதும் அழுதுவிட்டேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தை மாசக் குளிரில் சட்டை ஒரு ராத்திரியில் முழுக்க உலரவில்லை. காலையில் குளித்துவிட்டு, அதை மறுபடி ஒரு முறை நனைத்து, ஒட்டப் பிழியாமல் அப்படியே போட்டுக்கொண்டேன். உலராத நாளில் ஈரத்தோடு கட்டிக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை, ஈர வஸ்திரத்துக்கு மேலே மடி ஏது? பெட்டியை மட்டும் இந்தத் தடவை முக்காமல் ஈரத்துணியால் துடைத்து மாட்டினேன். மேலே மடிசார். உடம்பு வெடவெடத்தது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, தளிகை உள் வாசற்படிக்கு வந்தேன். இவர் குறுக்கே நின்றார்.

"பரிசாரகரை வரச் சொல்லிட்டேன்," என்றார். "நீ இன்னிக்கு உள்ள வர வேண்டாம்."

முந்தின நாளே எனக்குத் தெரியாமல் சமையலுக்கு ஆள் பேசியிருக்கிறார். நாத்தனார் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு கிளம்பிவிட்டது. ஓடுகிற ஓட்டத்தில் காது அடைத்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் புடவைக்குள் தடவிப் பொத்தானை அமுக்கினேன். இவருக்கு அது என்னவென்று தெரியாது. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"கழட்டவும் மாட்டேன், கரண்டியை விடவும் மாட்டேன். உங்க அம்மா கடைசியா வாய் திறந்து கேட்டது என் கைச் சாத்தமுதை. இன்னிக்கும் அதைத்தான் கேப்பா. நகருங்கோ."

அந்த நேரத்துக்கு, சிராத்தம் பண்ணி வைக்கிற வாத்யார் வந்து சேர்ந்தார். கையைத் தூக்கினாலே வெளிச்சம் போடுகிற கடிகாரம் கட்டியிருந்தார். பஞ்சாயத்து அவரிடம் போயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்து, ஈரமாகத்தானே கட்டியிருக்கிறாள், நாழியாகிறது, ஆரம்பிக்கலாம் என்றார். அவருக்கு மலையில் அடுத்த வேலை. சாஸ்திரம் பார்த்துச் சொன்னாரோ, அவசரத்தில் சொன்னாரோ, நான் படியைத் தாண்டிவிட்டேன். பரிசாரகர் வந்து வாழைக்காய் நறுக்கிக் கொடுத்தார். ரசம், பொரியல், பாயசம் என்று வெளியே சொல்கிற சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது எல்லாம் என் கையால்தான் ஆயிற்று. சட்டை உள்ளே ஈரமாகவே இருந்தது. அடுப்பு வெக்கையில் உலர உலர வியர்வை மறுபடி நனைத்தது.

வாரம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். இவரும் வந்தார். அவள் கம்ப்யூட்டரில் கோடுகளை ஓட்டிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் தேறவில்லை, என் தோல் வறண்டு கிடப்பதால் பட்டைகள் சரியாகக் கேட்கவில்லை, வெறும் கிறுக்கலாக இருக்கிறது என்றாள். இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். எனக்கு மேஜையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. அப்போது அவள் கை நின்றது. ஒரே ஒரு நாள் மட்டும் கோடு பளிச்சென்று இருக்கிறதே, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்றாள்.

நனைத்துப் போட்டுக்கொண்டேன் என்றேன். பெட்டியை முக்கியதையும் மறைக்கவில்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள், அப்புறம் சிரித்துவிட்டாள். பெட்டிதான் நனையக் கூடாது, துணி ஈரமாக இருந்தால் இன்னும் நன்றாகவே கேட்கும், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றாள். அதிர்ஷ்டமாவது மண்ணாவது, நான் அன்றைக்குப் பிடிவாதமாக நின்றேன் என்று சொன்னேன்.

அந்த நாளின் காலையில் கோடு ஓரிடத்தில் நெருங்கி நெருங்கி, ரம்பப் பல் மாதிரி ஓடியிருந்தது. இதுதான், உங்களுக்கு வருவது நிஜமான கோளாறு, மாத்திரை இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள். நிஜம் என்று அவள் சொன்னதை இவர் கேட்டார். எனக்கு அது போதும். ஆனால் அவள் விடவில்லை.

"இங்கதான் பட்டன் அமுக்கியிருக்கீங்க. அப்ப என்ன நடந்தது? மாடி ஏறினீங்களா, கனமா எதையாவது தூக்கினீங்களா?"

இவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் இவளை உள்ள வராதேன்னேன்," என்றார்.

சட்டையை அப்படியே கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்கள் சுத்தம் செய்துகொள்வோம் என்றார்கள். தோய்க்காமல் ஒரு துணியை எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் கொடுத்ததில்லை, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று பெட்டியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, சட்டையை அதில் போட்டு, இவரைக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளாக என் துணி ஒன்றைக்கூட இவர் தோய்த்ததில்லை.

"தோய்ச்சுக் குடுங்கோ," என்றேன்.

நின்றார். நான் நகரவில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்.

"கசக்காதேங்கோ, முறுக்கிப் பிழியாதேங்கோ," என்றேன். "நீங்க கேக்காததையெல்லாம் கேட்ட துணி அது."