நோட்ஸைப் பார்க்காமல் எழுதிய ஐந்து பக்கம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. படப்பையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் எங்களுக்குத் தொலைதூரக் கல்வி வகுப்பு நடக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக லைனில் நிற்கிறேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்களே டிகிரி இருப்பதால் எனக்குச் சூப்பர்வைசராக வருவதைப் பார்த்துத்தான் பி.ஏ. சேர்ந்தேன்.

ஒரு கட்டுரையைப் படித்து, அதற்கு எங்கள் விமர்சனத்தை ஐந்து பக்கம் எழுதித் தர வேண்டும். தந்தால்தான் ஹால் டிக்கெட். எப்படி எழுதுவது என்று ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம், ஏன்.

கட்டுரை தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. பெண்களுக்கு இயல்பாகவே பொறுமை அதிகம், விரல்கள் நுணுக்கமானவை, அதனால் சின்ன பாகங்களைப் பொருத்தும் வேலை அவர்களுக்கென்றே அமைந்தது என்று போகும். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ந்த முதல் மாதம் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ஆள் வர வேண்டும். வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பெயர் பொறுமையா? காஞ்சிபுரத்தில் தலைமுடி மாதிரி இழையைப் பிடித்துப் பட்டு நெய்கிற ஆண்களுக்கு மட்டும் யாருடைய விரல்? இதையெல்லாம் மூன்று வாரம் டீ பிரேக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

மற்றவர்கள் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் நோட்ஸைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுக்கும் சார் அத்தனை பேர் முன்னாலும் என் தாளை மட்டும் தூக்கிப் பிடித்தார்.

"யாரும்மா எழுதிக் குடுத்தாங்க? பொண்ணா, பையனா?"

யாருமில்லை என்று தலையாட்டினேன்.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் தனியா எழுதியிருக்கீங்க. எங்கியோ பார்த்து எழுதாம இது எப்படி வரும்? அடுத்த வாரம் ஒழுங்கா எழுதிக் குடுங்க. இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது."

பார்த்து எழுதிய எல்லோரும் உட்கார்ந்திருக்க, சொந்தமாக எழுதிய நான் திருடி மாதிரி நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில், என் லைனில் வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னேன். தாளை வாங்கிப் படித்தாள்.

"இன்னாக்கா, நம்ம லைன அப்டியே எழுதி வச்சிகீற! அந்தாள நாலு கேள்வி கேக்க வேண்டியதுதானே? வாய் இன்னாத்துக்குக் கீது?"

"வாய் இருந்தா நான் இன்னாத்துக்குடி அஞ்சு பக்கம் எழுதப் போறேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "ஒரு வருஷம் வீணாப் பூடும்க்கா. நோட்ஸப் பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

சனிக்கிழமை நோட்ஸை வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பெண்களின் பொறுமையைப் பாராட்டும் இடம் வந்ததும் கை ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, சார் சொன்னதற்கே ஒரு விமர்சனம் எழுதினேன், அவர்கள் கொடுத்த முறைப்படியே. சார் என்ன சொல்கிறார்? இதை நான் எழுதவில்லை என்கிறார். எதை ஏற்கிறேன்? மற்றவர்கள் எழுதியது போல இது இல்லை என்பதை. எதை மறுக்கிறேன்? அதனால் இது என்னுடையது இல்லை என்பதை. ஏன்? இதில் உள்ள எதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நின்று தெரிந்துகொண்டேன். சந்தேகமிருந்தால் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் கேளுங்கள், உங்கள் எதிரிலேயே எழுதுகிறேன்.

மறுநாள் வகுப்பில், பழைய ஐந்து பக்கத்தோடு சேர்த்து அதை நீட்டினேன். சார் நின்றபடியே படித்தார். "போங்க, ஹால் டிக்கெட் வாங்கிக்கோங்க" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. பாஸ் மார்க் மட்டும் போட்டிருந்தார். நோட்ஸைப் பார்த்து எழுதியவர்களுக்கு என்னைவிட அதிகம். அத்தனை பேர் முன்னால் என்னைச் சந்தேகப்பட்டவர், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தனியாகக்கூடச் சொல்லவில்லை.

தேர்வு எழுதி அடுத்த வருடத்துக்கும் போய்விட்டேன். ஆனால் சொந்தக் கருத்தை எழுதச் சொல்கிறவர்கள், லைனில் நிற்கிறவளுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று ஏன் நினைப்பதில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அது ஆற வேண்டாம் என்றே நினைக்கிறேன்.