ஏழாம் நம்பர் மட்டும் பதில் போடவில்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் லாரி கழுவினேன், எங்கும் இரண்டு வருடம் தாங்கவில்லை. அப்படியே சுற்றி ஏற்காட்டுக்கு வந்து ஜீப் ஓட்டினேன். மஞ்சக்குட்டைக்கும் டவுனுக்கும் ஷேர் ஜீப். ஒன்பது வண்டிகளுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அட்மின் கேட்டதும் "3 கிளம்பியாச்சு", "4 நிக்குது" என்று அவரவர் வண்டி நம்பரோடு பதில் போட வேண்டும். போடாதவனுக்கு முறை போய்விடும். நான் ஏழு.

அந்தக் குரூப்பில்தான் வீடியோ வந்தது. டவுனில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை பார்த்த ஒரு பையன், வயது பத்தொன்பது. தினமும் எங்கள் ஜீப்பில் வருகிறவன், தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மஞ்சக்குட்டை ரோட்டு வளைவில், தடுப்புச் சுவர்மேல் இன்னொரு பையனோடு விரல் கோத்து உட்கார்ந்திருந்தான். எங்கள் இரண்டாம் நம்பர் ஓட்டுநர் வண்டிக்குள்ளிருந்தே எடுத்திருந்தான். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும், பழக்கத்தில் 7 என்று நம்பரோடு, ஒன்று போட்டேன். யோசிக்கவே இல்லை.

பிறகு தம்பியின் நம்பரைக் கண்டுபிடித்து மெசேஜ் அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டாம் நம்பர் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டான். "அவங்கப்பன் ஊட்டுக்கே போயி வீடியோவ ஓட்டிக் காட்டறோம். அப்பறம் மலையில எப்படி இருக்கறான்னு பாக்கலாம்." வீடியோவில் கூட இருந்த பையன் போனை அணைத்துவிட்டு மலையை விட்டே இறங்கிப் போய்விட்டான். தம்பி போகவில்லை. காலையில் அவனுக்கு எங்கள் ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்த வாய்ஸை வண்டியிலேயே சத்தமாகப் போட்டார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, பொண்ணு இன்னைக்கு வரலீங்களா?" என்று பின்சீட்டிலிருந்து மரியாதையாகவே கேட்பார்கள். அவன் காசைக் கொடுத்துவிட்டு இறங்குவான்.

ஒருநாள் அவன் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டான் என்று ஸ்டாண்டுக்குச் செய்தி வந்தது. அட்மின் உடனே குரூப்பில் எழுதினான்: "போலீஸ் வருது. வீடியோ, வாய்ஸ் எல்லாத்தையும் அழிச்சிருங்க. அழிச்சவங்க நம்பர் போடுங்க." பழக்கம் விடுமா. "1 அழிச்சாச்சு." "2 அழிச்சாச்சு." வரிசையாக ஒன்பது வரை போட்டுவிட்டார்கள், ஏழைத் தவிர. நான் அப்போது கொட்டச்சேட்டில் ஸ்பிரிங் பட்டை உடைந்த வண்டிக்கு அடியில் கிடந்தேன். அங்கே சிக்னல் இல்லை. சாயங்காலம் பார்த்தேன். அழிக்காமல் விட்டதற்கு நல்ல மனசு காரணமில்லை, சோம்பல்தான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி முன்சீட்டில் ஏறினான். எல்லோரும் இறங்கிய பிறகும் அவன் இறங்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"எங்கிட்ட எனக்கு வந்த மெசேஜ் மட்டுந்தானுங்க இருக்குது. அப்பா ஊட்டுக்கு வர்றோம்னு மிரட்டுன வாய்ஸ் குரூப்புலதான். அது இல்லாம கேஸு நிக்காதுங்க. ஏழு மட்டும் அழிச்சாச்சுன்னு போடலைன்னு ஒருத்தர் சொன்னாருங்க."

"குடுத்தா இந்த லைன்ல எனக்குச் சோறில்ல, தெரியுமா?"

"தெரியுமுங்க. அதனாலதான் உங்களக் கேக்கறேன். இல்லைன்னா நேரா ஸ்டேஷன்ல சொல்லியிருப்பேன்."

அவன் கெஞ்சவில்லை. நான் மூன்று நாள் ஓட்டிக்கொண்டே யோசித்தேன். நாலாம் நாள் போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார், விசாரணைக்கு வந்த தம்பி அவர் எதிரே நின்றிருந்தான். பெஞ்சில் அட்மினும் இரண்டாம் நம்பரும் உட்கார்ந்திருந்தார்கள். "பசங்க வெளையாட்டுக்குப் பண்ணிட்டாங்க. மன்னிப்பு எழுதிக் குடுத்து முடிச்சுக்கலாங்க" என்றான் அட்மின். எங்கள் பக்கம் எல்லாச் சண்டையும் அப்படித்தான் முடியும்.

"வேண்டாமுங்க" என்றான் தம்பி.

இரண்டாம் நம்பருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இவன் பண்றதே குத்தமில்லீங்களா?"

"அது குத்தமில்லைன்னு கோர்ட்டு சொல்லி எத்தனையோ வருசமாச்சு. நீ பண்ணுனதுதான் குத்தம். உக்காரு."

பிறகு தம்பி ஒரு ஃபைலைத் திறந்து படித்தான். தேதி, நேரம், அனுப்பிய நம்பர், அதிலிருந்த சொல். ஒரு சொல்லையும் விடவில்லை, குரலும் மாறவில்லை. ஜீப்பில் கேட்கும்போது நாங்கள் சிரித்த அதே சொற்கள்தான். அவை அந்த அறையில் சாட்சியாக நின்றன. பகோடா பாயிண்டில் டூரிஸ்ட்கள் பள்ளத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்குவதைத் தினமும் பார்ப்பேன். எனக்கு அப்படி ஆனது அன்றுதான்.

எஸ்.ஐ. என் போனில் வாய்ஸைக் கேட்டார். பிறகு அந்த நம்பர் வரிசையைப் பார்த்தார். "நாங்க தேட வேண்டியத நீங்களே நம்பர் போட்டு எழுதி வெச்சிருக்கீங்க" என்றார். இன்னும் மேலே தள்ளினார். "இங்க சிரிச்சிருக்கிற ஏழு யாரு?"

"நாந்தானுங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். இதையாவது விட்டுவிடச் சொல்வான் என்று நினைத்தேன்.

"அதையும் எழுதிக்குங்க மேடம்" என்றான். "அண்ணன் தானா வந்து போன் குடுத்ததையும் எழுதிக்குங்க."

கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. இரண்டும் நடந்தன, இரண்டும் எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை ஊர் சுற்றியும் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

மறுநாளே லைனில் எனக்கு முறை அடியோடு போய்விட்டது. இப்போது மாரமங்கலம் பக்கம் மிளகு பறிக்கிறேன். கேஸ் நடக்கிறது. சேலத்துக்கு இரண்டு தடவை சாட்சிக்குப் போய் வந்தேன், இன்னும் போக வேண்டும்.

நான் போன் கொடுத்த அன்று, ஸ்டேஷன் ரைட்டர் எஃப்.ஐ.ஆரை அச்செடுத்து நீட்டி, "கையெழுத்துப் போடு தம்பி, நேரமாச்சு" என்றார். தம்பி பேனாவைத் தொடவில்லை. நின்றபடியே மூன்று பக்கங்களையும் படித்தான்.

"ரெண்டாம் பக்கத்துல சம்பவம் நடந்த எடம் தப்பா இருக்குங்க. மாரமங்கலம்னு போட்டிருக்குது. மஞ்சக்குட்டை ரோடுங்க."

ரைட்டர் பெருமூச்சு விட்டுத் திருத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். புது அச்சு வந்தது. அவன் அதை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான்.