மீதி ஏழாம் பக்கத்தில்...

போன வாரம் என் அண்ணன் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. எழுதினாலாவது இறங்குமா, பார்க்கலாம்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் கச்சிராயபாளையத்துக்கு ஒரு பஸ் கிடையாது. அப்படியும் நைனார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார் அண்ணன். கையில் பேப்பரிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு.

"கஸ்தூரி! இனிமே உனக்கு ஊசியே வாணாம்மா. செல்லு மாத்தறாங்களாம்!"

கஸ்தூரி என் கடைசி மகள். பன்னிரண்டு வயதிலிருந்து காலையும் சாயந்திரமும் இன்சுலின் ஊசி. இப்போது இருபது ஆகிறது.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மச்சான், டார்ச் லைட்டுக்கு மாத்தற மாதிரியா? எத்தினி பேட்டரிக் கட்டை?"

"கிண்டலா? கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லு இவளுக்கு செத்துப் போச்சி. வேற ஆளோடதை எடுத்து உள்ள வுட்டா அதுவே சுரந்துக்கும். மறியல் முடியட்டும், நானே கூட்டிக்கினு போறேன். அதுக்குள்ள எதுக்குக் குத்திக்கினு? புண்ணெல்லாம் ஆறட்டும்!"

எட்டு வருஷமாகக் குத்திக் குத்தித் தொடை மரத்துப்போன பெண்... இதைக் கேட்டால் என்ன செய்வாள்? எனக்குத் தெரியாமல் ஊசியை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை வாந்தி. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மூச்சில் அழுகிய பழ வாடை. அப்புறம் பேச்சே இல்லை.

மாட்டு வண்டியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் குறுக்கே ஒரு புளியமரம். மறியலில் நின்ற ஆட்களே அவளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி, வேறு வண்டியும் பிடித்துக் கொடுத்தார்கள். "சீக்கிரம் போ ஆயா, நிக்காத!"

டாக்டர் முன்னால் எனக்கு வாயே வராது. இன்சுலின் ஏறி அவள் கண் திறந்த பிறகுதான், அண்ணன் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பேப்பர் துண்டை நீட்டினேன்.

"என்னுதை எடுத்து இவளுக்கு வச்சிடுங்க டாக்டர்."

அவர் படித்தார். "மீதி எங்கம்மா?"

"எதுங்க மீதி?"

"கீழே 'ஏழாம் பக்கம் பார்க்க'ன்னு போட்டிருக்கே!"

சேதி கேட்டு ஓடி வந்திருந்த அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பக்கத்துலதாங்க... வூட்ல கருவாடு மடிச்சிட்டாங்க."

கருவாடு! என் பெண்ணின் உயிர் கருவாட்டுப் பொட்டலத்தில்!

"மீதியை நான் சொல்றேன்," என்றார் டாக்டர். "இது வெளிநாட்டுல இன்னும் சோதனையிலதான் இருக்கு. செத்தவங்க கணையத்துலேர்ந்து அந்த செல்லைப் பிரிச்சி ஈரல்ல விடறாங்க. உடம்பு அதை அந்நியம்னு அழிக்கப் பாக்கும். அதைத் தடுக்கத் தினம் வேற மருந்து சாப்பிடணும். அப்படியும் பல பேருக்கு அந்த செல்லு நிலைக்கல. சரி, ஊசியை நிறுத்தச் சொன்னது யாரு?"

அண்ணன் துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பஸ் ஓடட்டும் பாப்பா. மெட்ராஸ்ல ஒரு வார்த்தை விசாரிச்சிடலாம்!"

ஒன்றும் படிக்காதவரிடம் தப்பித்துவிடலாம். பாதி படித்துவிட்டு சைக்கிள் ஏறுகிறாரே, அவரிடம்?

புது வைத்தியம் வரட்டும். நானும்தான் காத்திருக்கிறேன். ஆனால் அது வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கு, 'உள்ளே வா' என்று சொல்ல என் பெண் இருக்க வேண்டுமே!