இரண்டு கண்ணுக்கும் போட்ட மண்

முயல் வேண்டும் என்று கேட்டது நான் இல்லை. மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் என் கணவரோடு வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர் வீட்டில் முயல் குட்டி போட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவர் அதில் ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் தும்மினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இனி கவலைப்பட வீட்டில் இன்னொரு உயிரும் வந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆறு மாதத்தில் அது எங்கள் வீட்டுப் பின்கட்டைச் சொந்தமாக்கிக்கொண்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அதற்குத் தெரியும். வாசல் கதவு கிறீச்சிட்டதும் அடுப்படி நிலைக்குள் வந்து இரண்டு காலில் நிற்கும். அவள் வழியில் யாரிடமாவது கேட்டு வாங்கிவரும் பச்சைச் சோளத்தட்டைக்காகத்தான் அந்த நிற்றல். அப்படி ஒரு நாள் தட்டையை அவள் நீட்டவும், அது அவசரத்தில் எம்பவும், அரிவாள் பட்ட கூர்முனை அதன் இடது கண்ணில் குத்திவிட்டது.

ரத்தம் வரவில்லை. தண்ணீர்தான் வடிந்தது. மகள் தன் பாவாடை நுனியால் துடைத்து விட்டுக்கொண்டே இருந்தாள். "சரியாப் போயிரும்ட்டி, அழாத" என்று அவளைத் தூங்க வைத்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனபிறகு நான் செய்ததை இங்கே எழுத வேண்டும்.

எங்கள் ஊரில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. கோயிலில் வாங்கிவந்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு டப்பாவில் வைத்திருப்போம். சொறி, தேமல், வயிற்றுவலி, பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவானாலும் முதலில் அதுதான். நெற்றியில் இட்டு, துளி நாக்கில் வைத்த பிறகே டாக்டர். நான் பி.யூ.சி. படித்தவள். கண்ணின் பாகங்களைப் படம் போட்டு, பெயர் குறித்து, மார்க் வாங்கியவள். பயம் வந்தபோது என் கை அந்த டப்பாவுக்குத்தான் போனது.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்து, முயலை மடியில் இடுக்கிக்கொண்டு கண்ணில் பிழிந்தேன். அது காலை உதைத்தது. குத்துப்பட்ட கண்ணோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கண்ணுக்கு வந்தது மற்றதற்கும் வந்துவிடக் கூடாதே என்று நல்ல கண்ணிலும் விட்டேன். மூன்று நாள், காலையும் மத்தியானமும். மகள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று அவள் இல்லாத நேரமாகச் செய்தேன்.

நாலாம் நாள் இடது கண் வீங்கி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. சீழ் நாற்றம் அடித்தது.

"மாட்டாஸ்பத்திரிக்கு முயலத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிப்பாணியா சிரிக்கும்" என்றார் இவர். ஆனாலும் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியவில்லை. சைக்கிளை நான் உருட்ட, அவள் பெட்டியைப் பிடித்தபடி வந்தாள்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, கறி போடணும்னா கடை அங்கனல்லா இருக்கு. இங்கன ஊசிதான் போடுவாக."

மகள் நிமிர்ந்தாள். "அப்ப ஒங்க மாட்டயும் அங்கனயே கொண்டு போங்க தாத்தா."

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார். "ஏயப்பா, கொம்பு ஒனக்குத்தான் முளைச்சிருக்கு தாயி."

டாக்டர் வெளியூர்க்காரர், இளைஞர். பஞ்சை நனைத்துத் துடைத்தவர், பஞ்சில் ஒட்டிய செம்பழுப்பைப் பார்த்தார். "கண்ணுல ஏதாவது போட்டீங்களாம்மா?"

"ஒண்ணும் போடல" என்றேன்.

"சோளத்தட்ட குத்திட்டு சார். நாந்தான் நீட்டுனேன்" என்றாள் மகள். நான் வாயைத் திறக்கவில்லை.

"கண்ணை எடுத்தாத்தான் உயிர் தங்கும். மாட்டுக்கு எடுத்திருக்கேன், முயலுக்கு எடுத்ததில்ல. மயக்கத்துலேயே போயிடலாம். சம்மதமா?"

அவர் என்னைத்தான் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தலையாட்ட விட்டுவிட்டு நான் நின்றேன்.

மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முயல் உயிரோடுதான் வந்தது. இடது பக்கம் மயிர் சிரைத்து, கறுப்பு நூலால் தைத்து, முகம் ஒரு பக்கம் சுருங்கி. "இன்னைக்கே தின்ன வைக்கணும். முயல் வயிறு சும்மா கிடந்தா பிழைக்காது" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். காளைக்காரப் பெரியவர் தம் மாட்டுக்கு வைத்திருந்த அகத்திக்கீரைக் கட்டில் பாதியைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டார்.

அது தின்னவில்லை. அகத்திக்கீரையை அரைத்துப் பிழிந்து, பேனாவுக்கு மை விடும் ஃபில்லரைக் கழுவி, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். மறுநாள் சாயங்காலம், இவர் இலங்கை வானொலியைத் திருகிக்கொண்டிருந்த நேரம், ஒரு இலையைத் தானே இழுத்தது. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. முயல் வலப்பக்கம் இருந்த தவலையில் முட்டியது. கண் இல்லாத பக்கம் முட்டினால் புரியும். இது நல்ல கண் இருக்கும் பக்கம். அருகே போய்ப் பார்த்தேன். கருவிழியின் மேல் பால் ஆடை படிந்தாற்போல் இருந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தையல் பிரிக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடினால் டாக்டர் கேட்பார், சொல்ல வேண்டிவரும் என்று அந்த மூன்று நாளையும் கடத்தினேன். மகளோ சோளத்தட்டை கிடைக்கும் பக்கமே போகாமல், தெரு சுற்றி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

தையல் பிரித்த அன்று டாக்டர் வலக்கண்ணுக்கு டார்ச் அடித்தார். "இந்தக் கண்ணுல ஒண்ணும் குத்தலையே. இது ஏன் இப்படியாச்சு?"

"நான் ரெண்டு கண்ணயும் ஒரே பாவாடையில தொடச்சேன் சார். அதனாலயா?" என்றாள் மகள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இல்ல சார். நான் புத்துமண்ணக் கரைச்சு விட்டேன். ரெண்டு கண்ணுலயும். மூணு நாளா."

டாக்டர் சத்தம் போடவில்லை. கீழிமையை மடித்து, பஞ்சு முனையால் எதையோ எடுத்தார். உப்பு நீரால் கழுவினார். கழுவிக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கழுவியிருப்பேனேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வெறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

களிம்பு போட்டோம். மகள்தான் போட்டாள், என்னை முயலைத் தொட விடவில்லை. ஒரு மாதம் கழித்து, அதற்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் எங்கள் பின்கட்டில் எந்தப் பொருளும் இடம் மாறக் கூடாது என்று சட்டம் வந்தது. தவலை, உரல், விறகு எல்லாவற்றையும் சுற்றி மகள் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தாள். இவர் செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டால்கூட, "யப்பா, ஒங்களுக்குமா கண்ணு தெரியல?" என்பாள்.

என்னிடம் மட்டும் பேச்சில்லை. சோறு, தண்ணீர், தலைப்பின்னல் என்று தேவைக்கு ஒரு வார்த்தை. ஒரு வெள்ளிக்கிழமை தலை பின்னும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"கோயிலுக்கு நேந்திருந்தேன். குட்டிக்குக் கண்ணு சரியானா கண்மலர் வாங்கிப் போடுதேன்னு. தப்பு எம்மேலன்னுல்லா நெனச்சேன்."

"நான் முதல்லயே சொல்லிருக்கணும், மக்கா."

"ஆமா. சொல்லிருக்கணும்." ரிப்பனை என் கையில் கொடுத்தாள். "கண்ணு சரியாவல. ஆனாலும் போடணும். நான் போட மாட்டேன். நீ போய்ப் போடு."

போனேன். சன்னதித் தெருவில் பாம்பும் தேளும் கண்ணுமாகத் தகட்டு உருவங்களைத் தட்டில் பரப்பி வைத்திருந்த அம்மாள், "யாருக்குக் கண்ணு தாயி? பிள்ளைக்கா?" என்று கேட்டாள்.

"முயலுக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு ஜோடியைத் துடைத்துக் கொடுத்தாள். உண்டியலில் போட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வரும்போது கையில் புற்றுமண் கொடுத்தார்கள். மண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நெற்றிக்குத் தந்ததைக் கண்ணில் கரைத்தது நான்தான். அங்கேயே நின்று என் நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தூண் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டு டப்பா அதற்குப் பிறகு காலியாகவே இருக்கிறது.

வீட்டில் மகள் அகத்திக்கொத்தை மடியில் வைத்து, காம்பின் முனைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"போட்டியா?"

"போட்டேன்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

கொஞ்ச நேரம் கிள்ளினாள். பிறகு ஒரு கொத்தை என் பக்கம் தள்ளினாள். "இந்தா, நீ குடு. முன்னாடி கையத் தரையில தட்டு. தட்டாமக் கிட்ட போனா பயந்துரும்."

தரையைத் தட்டினேன். முயல் தலையைத் தூக்கி, காதைத் திருப்பி, மூக்கைத் துடிக்கவிட்டுக் கோட்டோரமாக வந்தது. என் விரலை மோந்ததும் ஒரு எட்டு பின்வாங்கியது. அந்தக் கையின் வாசனை அதற்குத் தெரிந்திருக்கும். நான் கையை இழுக்கப் போனேன்.

"ஆட்டாத. அப்படியே வச்சிரு" என்றாள் மகள். "வரும்."

வெகுநேரம் அப்படியே வைத்திருந்தேன்.