தெருவே பாஸ், தாண்டவராயன் மட்டும் ஃபெயில்

வீடு வீடாக ஏறிக் கேள்வி கேட்கிற வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, கேட்கிறவளைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள் என்பது. கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், கொசு மருந்து என்று அலையும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் மனநல மருத்துவர். முதியவர்களின் மறதி நோயைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவள். அதற்காக மடுகரையில் ஒரு தெருவுக்குப் போனபோது நடந்தவை இவை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் இன்னும் என்னை நம்பவில்லை.

எதை நிறுத்த வந்தேன்?

முதல் வீட்டில் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டதுதான் தப்பு. பென்ஷனை வெட்ட வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மருமகள் உள்ளே போய் ஏதோ சொல்ல, மாமனார் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். ஞாபகசக்தியைச் சோதிப்பதோடு சரி, எதையும் நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணும் நிறுத்த வர்லன்னா, இன்னாத்துக்குங்க இவ்ளோ வெயில்ல வந்தீங்க?"

வினாத்தாள் கசிந்தது

எங்கள் சோதனையில் மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். மாடு, குடை, தேங்காய். போர்வைக்காரர் ஒருவழியாக எழுந்து சொல்லிவிட்டார். மறுநாள் அடுத்த வீட்டில் நான் உட்காருவதற்குள் அங்கிருந்த பெரியவர் மூன்றையும் ஒப்பித்தார். எதிர்வீட்டில் கிழமை, மாதம், முதலமைச்சர் பெயர் எல்லாம் கேட்காமலே வந்து விழுந்தன. ஃபெயிலானால் ஏதோ பறிபோகும் என்று பயந்து தெருவே உட்கார்ந்து படித்திருக்கிறது! என் ஆராய்ச்சி குட்டிச்சுவர்.

வேறு வழியில்லாமல் சொற்களை மாற்றிக் கேட்டேன். எதிர்வீட்டுப் பெரியவரின் முகம் சுண்டிப்போனது. அவர் மகள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"நேத்து ஒண்ணு இன்னிக்கி ஒண்ணுன்னு மாத்திக் கேட்டா வயசானவங்க எப்பிடி மேடம் பாஸாவாங்க?"

ஃபெயிலான ஒரே ஆள்

தாண்டவராயன் மட்டும் எதற்கும் சரியான பதில் சொல்லவில்லை. மனைவியை இழந்தவர், கரும்பு போடுகிறவர். கிழமை? தெரியாது. ஊர்? தெரியாது. பக்கத்தில் அவருடைய ஒரே மகன் முருகையன் குனிந்து குனிந்து பதிலை எடுத்துக் கொடுத்தான். கரும்பு நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்க வேண்டுமாம். பத்திர ஆபீஸில் அப்பா தன் பெயரைக்கூடச் சொல்லாமல் நின்றதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். புத்தி தெளிவாக இருக்கிறது என்று நான் சான்று கொடுத்தால் போதுமாம்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. நிஜமாக மறந்தவர்கள் தேடித் தடுமாறித் தப்பாகவாவது ஒன்றைச் சொல்வார்கள். இவரோ கேள்வி முடியும் முன்பே தெரியாது என்றார். மனம் சோர்ந்தவர்களும் அப்படிச் சொல்வதுண்டு, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்போது பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. தாண்டவராயன் என்னை விட்டுவிட்டு மகனிடம் திரும்பினார்.

"த்ரீ பேஸ் கரண்டு வந்துட்ச்சி பாரு, போயி மேக்கால கரும்புக்குத் தண்ணிய வுடு."

அவர் கேட்ட சான்று

மகன் மோட்டார் போடப் போனதும், நடிக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். முருகையன்தான் என்னை வரவழைத்தானா என்று அவர் திரும்பக் கேட்டார். இல்லையென்றேன். அதையே வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தார். மனைவி போனதிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை என்றார். அழுதார். அதெல்லாம் நிஜம், மறதி ஒன்றுதான் பொய். பத்திர ஆபீஸிலும் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் சரியாகப் போனதில் எனக்குத் துளிகூடச் சந்தோஷமில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புத்தி நல்லாகீதுன்னு நீங்க எய்திக் குடுத்தா திங்கக்கெயமையே கையெய்த்து வாங்கிடுவான். மறதின்னே எய்துங்க டாக்டரம்மா, நெலம் எம்பேர்ல இருக்கிற வரிக்கும்தான் எனக்கு இந்த வூட்ல சோறு."

சோதனை இன்னும் முடியவில்லை என்று முருகையனிடம் சொல்லிவிட்டு வந்தேன், கட்டுரையும் அச்சில் வந்துவிட்டது, முதியோர் மறதிக்கான காரணங்களில் பெற்ற பிள்ளையைச் சேர்த்தால் ஆதாரம் கேட்பார்களே என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.